மூச்சுக்குழலில் ஒரு குளவி

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருக்கும் நவநீதனை யாராவது பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வராது. ஐம்பத்து நான்கு வயதுக்கு அந்தப் பட்டம் பழகிவிட்டது. ராத்திரி படுக்கப்போகும் முன் கேஸ் சிலிண்டரை இரண்டு தடவை மூடுவார். வெடித்துவிடும் என்று செல்போனை அணைத்து, சமையலறைக் கடப்பைக்கல் மேடையில் தனியாகக் கிடத்திவிட்டுத்தான் தூங்குவார். பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றுவதைக் கீழே நின்று பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நவநீதனுக்குப் பட்டப்பகலிலும் பேய் தெரியும்.

ஆனால் அந்தப் பயம்தான் அவருக்குச் சோறு போட்டது. துவாக்குடியில் பாய்லர் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷமாக அவருக்கு ஒரே வேலை. செய்து முடித்த குழாயில் தண்ணீரை அடைத்து, அழுத்தம் ஏற்றி, எங்காவது ஒரு சொட்டு கசிகிறதா என்று பார்ப்பது. மற்றவர்கள் பத்து நிமிஷம் பார்க்கும் இணைப்பை அவர் ஒரு மணி நேரம் பார்ப்பார். அவர் கையெழுத்து இருந்தால் மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் பாக்கியநாதன் அவரைத் தேடி வந்தார். விமானப்படையில் இருபது வருஷம் விமானங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர், பிறகு ஒரு கல்லூரியில் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். மேலப்புதூர்க்காரர், கடுகடுவென்று இருந்தாலும் நல்ல மனிதர். மண்ணச்சநல்லூரில் ஷேக் தாவூது என்பவரின் ஓடாத அரிசி மில்லில் ஒரு கிடங்கை வாங்கிப்போட்டுக்கொண்டு, ஆறு வருஷமாகத் தன் கையாலேயே ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் உட்காரலாம், இறக்கை தலைக்கு மேலே. ஓட்டப்போவது அவருடைய ஒரே மகள் பிரான்சி. முறைப்படி படித்து, விமானி உரிமம் வாங்கிய பெண், வயது இருபத்தாறு.

"இறக்கை, வால், சக்கரம் எல்லாம் நானே பண்ணிட்டேங்க. பெட்ரோல் போற வழி ஒண்ணு மட்டும் பாக்கி. அதுக்குப் பயப்படத் தெரிஞ்ச ஆள் வேணும். நமக்கு அது வராது" என்றார் பாக்கியநாதன்.

வேண்டாம் என்றுதான் நவநீதன் சொல்ல நினைத்தார். ஆனால் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் அவருடைய பயத்தைக் கேட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். எப்படி மறுப்பது?

ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. தரையில் வண்டி நின்றால் இறங்கித் தள்ளலாம், ஆகாயத்தில் நின்றால் எங்கே இறங்குவது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாக யோசித்தார். பெட்ரோல் டேங்க் இறக்கையின் நடுவில், ஓட்டுபவரின் தலைக்கு மேலே. பம்பு வேண்டாம், பம்பு என்றால் அது ஒருநாள் கெட்டுப்போகும், மேலிருந்து கீழே தானாக இறங்கட்டும் என்றார். குழாய் எங்கேயும் மேலேறி இறங்கக் கூடாது, ஏறி இறங்கும் முடுக்கில் காற்று போய் உட்காரும் என்றார். இப்போது பங்க்கில் விற்கிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் இருக்கிறதே, அது ரப்பரைத் தின்னுமே என்று ஆறு கம்பெனி ஹோஸ்களை வாங்கித் துண்டு துண்டாக நறுக்கி, ஊறுகாய் பாட்டில்களில் பெட்ரோல் ஊற்றி, மொட்டைமாடியில் ஒரு நிழலான மூலையில் மூன்று மாதம் ஊறவைத்தார். "எந்த வீட்டுல ஆம்பிளைங்க பெட்ரோல்ல ஊறுகா போடுறாங்க" என்று மனைவி வெள்ளையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆறில் நான்கு துண்டுகள் உப்பிப் போயிருந்தன. மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

பிறகு அளவுச் சோதனை. கிடங்கின் பின்னால் பள்ளம் வெட்டி வாலை அதில் இறக்கி, மேலே ஏறும் விமானம்போல மூக்கை நிமிர்த்தி வைத்து, எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி வாளியில் விட்டுப் பார்த்தார்கள். எஞ்சின் மணிக்கு இருபது லிட்டர் குடிக்கும். ஒன்றரை மடங்கு, முப்பது வந்தால் போதும் என்றது புத்தகம். நாற்பது வரும்வரை நவநீதன் விடவில்லை.

இனிச் சொல்ல மிச்சமிருப்பது டேங்க்கின் மூச்சுக்குழல். இது பெரிய விஷயம் ஒன்றுமில்லை, எண்ணெய் டின்னைத் திறந்தவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் திக்கித் திக்கி நின்றுவிடும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டுக் காற்றை உள்ளே விட்டால்தான் ஒழுங்காக விழும். அந்த இரண்டாவது ஓட்டைதான் மூச்சுக்குழல். சுண்டுவிரல் தடிமனில் ஒரு அலுமினியக் குழாய், டேங்க்கின் உச்சியிலிருந்து புறப்பட்டு இறக்கைக்கு அடியில் வளைந்து நிற்கும். டேங்க் மூடியிலும் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. மழைத்தண்ணீர் இறங்கும் என்று பயந்து அதை நவநீதனே அடைத்துவிட்டார். ஆக, முப்பத்தெட்டு லிட்டர் பெட்ரோலுக்கும் மூச்சு விட ஒரே வழி.

அந்த வழியைக் காக்க வெள்ளையம்மாளிடம் சொல்லிச் சிவப்புத் துணியில் ஒரு சின்ன உறை தைத்து வாங்கினார். விமானம் நிற்கும்போதெல்லாம் குழாய் வாயில் அதை மாட்டிக் கட்டிவிட வேண்டும். கட்டுவதும் அவிழ்ப்பதும் அவர் பொறுப்பு. பறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை என்று நாற்பத்திரண்டு வரியில் ஒரு பட்டியலும் எழுதிக் கிடங்குக் கதவில் ஒட்டினார். முதல் வரி, எல்லோருடைய செல்போனையும் அணைத்து ஆபீஸ் அறையில் வை. ஏழாவது வரி, மூச்சுக்குழலில் வாயை வைத்து ஊது, மூடியைத் திறந்து காதை வைத்துக் கேள், டேங்க்குக்குள் காற்று வரும் சத்தம் கேட்க வேண்டும்.

"இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பெட்ரோல் ஆவியாப் போயிடுங்க" என்று பாக்கியநாதன் சிரித்தார்.

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நவநீதனின் மகள் யமுனா. லால்குடியில் கட்டிக்கொடுத்து ஆறு வருஷம். இரண்டு தடவை கரு தங்காமல் போய்விட்டது. இது மூன்றாவது, ஆறு மாதம். படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஸ்ரீரங்கத்தில் அப்பா வீட்டில்தான் படுத்திருந்தாள்.

இரண்டாவது தடவை நடந்ததை நவநீதன் யாரிடமும் சொன்னதில்லை. அப்போது யமுனா விருந்துக்கு வந்திருந்தாள். குளியலறை மூலையில் ஒரு குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டியிருந்தது. குளவி கட்டினால் வீட்டில் பிள்ளை தங்கும், அதைக் கலைக்கவே கூடாது என்பது வெள்ளையம்மாளின் நம்பிக்கை, அவள் அம்மாவின் நம்பிக்கை, நம்மில் பாதிப் பேரின் நம்பிக்கை. கர்ப்பிணியைக் கொட்டிவிட்டால் என்ன செய்வது என்று பயந்துபோன நவநீதன், துடைப்பக்கட்டையால் கூட்டை ஒரே தட்டாகத் தட்டிவிட்டார். ஐந்தாம் நாள் யமுனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியும். குழாய் வேலை பார்த்த மூளை, காரணம் வேறு காரியம் வேறு என்று பிரித்துச் சொல்லத்தான் செய்தது. ஆனால் அந்தத் துடைப்பத்தை மட்டும் அவரால் அதற்குப் பிறகு தொட முடியவில்லை.

அளவுச் சோதனை முடிந்து நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை சாயந்திரம், உறையைக் கட்டுவதற்காக அவர் கிடங்குக்குப் போனார். சோதனைக்காகக் கழற்றியதை அன்றைக்கே கட்ட மறந்துவிட்டதில், அந்த நான்கு நாளும் குழாய் வாய் திறந்தே கிடந்தது. குனிந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழாய் வாயை ஈரமண் வழுவழுவென்று அடைத்திருந்தது. ஒரு குளவி கடைசிப் பூச்சைப் பூசிவிட்டு, அவர் காதோரமாக உரசிக்கொண்டு பறந்து போனது.

பட்டறை மேஜையில் கம்பி இருந்தது. எடுத்தார். குழாய் வாய்க்கு நேரே கொண்டுபோனார். அரை அங்குலம் உள்ளே குத்தினால் வேலை முடிந்தது. உள்ளே ஒரு புழு சுருண்டு கிடக்கும் என்று நினைத்தார். வீட்டுக் கட்டிலில் யமுனா இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருப்பாள் என்று நினைத்தார். கம்பியை மேஜையில் திரும்ப வைத்துவிட்டார்.

பிறகு கணக்குப் போட்டார். பயந்தவனுக்குக் கணக்கு நன்றாக வரும். பறக்க அனுமதிக் கடிதம் வர இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்று பாக்கியநாதன் சொல்லியிருக்கிறார். அரசாங்கக் காகிதம் சொன்ன தேதிக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரம் உண்டா? மூன்று வாரத்தில் குஞ்சு தானாக மண்ணை உடைத்து வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு குழாயைச் சுத்தம் செய்துகொள்ளலாம், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சிவப்பு உறையை எடுத்து, வெளியே வரும் குளவிக்கு வழி வேண்டுமே என்று கத்தரிக்கோலால் நுனியில் சின்னதாக ஒரு ஓட்டை வெட்டி, குழாயில் மாட்டிக் கட்டினார். பாக்கியநாதனிடம் சொல்லவில்லை. முப்பது வருஷம் குழாய் சோதித்தவன் குளவிக்குப் பயந்தான் என்று எந்த வாயால் சொல்வது?

அதற்குப் பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு எழுந்து, சமையலறை மேடையிலிருந்த செல்போனை உயிர்ப்பித்தார். பாக்கியநாதனிடமிருந்து ஐந்து அழைப்புகள், ராத்திரி பதினொன்று வரைக்கும். கடைசியாக ஒரு செய்தி: "அனுமதி வந்தாச்சு. நாளைக்குக் காலை ஆறரை மணி. பிரான்சி பறக்கிறா. வந்துடுங்க."

பாக்கியநாதனைக் கூப்பிட்டார். அணைக்கப்பட்டிருந்தது. பிரான்சியைக் கூப்பிட்டார். அதுவும் அணைக்கப்பட்டிருந்தது. முதல் வரி! அவரே எழுதி, அவரே பசை தடவி ஒட்டிய முதல் வரி! மில்காரர் ஷேக் தாவூதுக்கு அடித்தார். மணி போனது, எடுக்கவில்லை.

சட்டைக்குப் பொத்தான் போட்டாரோ இல்லையோ, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மனிதர் அன்றைக்குத் திருவானைக்கோவிலில் ஒரு பஸ்ஸை இடது பக்கமாக முந்தினார். கொள்ளிடம் பாலத்தின் மேல் காற்று முகத்தில் அடித்தது, கண்ணில் நீர் வந்தது, துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. மூச்சுக்குழல் அடைத்திருந்தால் என்ன ஆகும் என்பது இந்த உலகத்தில் அவரைவிட யாருக்குத் தெரியும்? தரையில் ஐந்து நிமிஷம் எஞ்சின் நன்றாகத்தான் ஓடும். ஒரு குறையும் தெரியாது. டேங்க்குக்குள் மெல்ல மெல்ல வெற்றிடம் சேரும். முழு வேகம் கொடுத்து, தரையை விட்டு எழும்பி, திரும்பி இறங்கவும் முடியாத, நேரே போகவும் முடியாத முன்னூறு அடி உயரத்தில் வைத்துப் பெட்ரோல் நிற்கும். பிறகு சத்தம் நிற்கும். கீழே நெல் வயல், மின்கம்பி, வாய்க்கால்.

டோல்கேட் சிக்னலில் சிவப்பு. நிற்காமல் போனார். பின்னால் யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். பாக்கியநாதன் அந்தப் பட்டியலைப் பார்த்துச் சிரித்ததுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. படித்திருக்க மாட்டார். நாற்பத்திரண்டு வரியை யார் படிப்பார்கள்? என் மகளுக்காக அவர் மகளைக் கொன்றுவிட்டேன், என் மகளுக்காக அவர் மகளைக் கொன்றுவிட்டேன் என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனார். ரங்கா என்று கூப்பிடவும் வெட்கமாக இருந்தது. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

மண்ணச்சநல்லூருக்கு அரை மைல் இருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்தினார். வலது பக்கம், மில்லுக்குப் பின்னால் மட்டப்படுத்தி வைத்திருந்த மண்பாதையின் கோடியில், தென்னந்தலைகளுக்கு மேலே வெள்ளை இறக்கை எழும்பியது. எழும்பி, திருவெள்ளறைப் பக்கமாகத் திரும்பியது.

ஸ்கூட்டர் சாய்ந்து விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. வாய்க்கால் கரையில் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பார்த்து என்ன ஆகப்போகிறது, காதால்தான் தெரியும். முப்பது வருஷமாகச் சொட்டுச் சத்தத்துக்காகக் காத்திருந்த காது, இப்போது ஒரு சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று காத்திருந்தது. ஒரு நிமிஷம். இரண்டு. டிராக்டர் ஒன்று நடுவில் கடந்துபோய் எஞ்சின் சத்தத்தை மறைத்தபோது உயிரே போய்விட்டது. டிராக்டர் போன பிறகும் மேலே கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம். எட்டு. பதினோராவது நிமிஷத்தில் சத்தம் குறைந்தது, இறங்கியது, தரையில் உருண்டு நின்றது. அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு விம்மலாக வந்தது.

கிடங்கு வாசலில் ஷேக் தாவூது எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரான்சி ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பாக்கியநாதன் மட்டும் சிரிக்கவில்லை. நவநீதனைத் தனியாகக் கிடங்குக்குள் கூட்டிக்கொண்டு போனார். சட்டைப்பையிலிருந்து சிவப்பு உறையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அதற்குள் நொறுங்கிய மண் இருந்தது.

"பிரான்சி வரி வரியாப் படிச்சா. ஏழாவது வரியில நின்னுட்டா. ஊதினா காத்தே போகல. கம்பி விட்டு எடுத்தோம். அப்புறம் வாளி வெச்சு அளந்தும் பாத்துட்டுத்தான் ஏறினா" என்றார். பிறகு உறையின் நுனியைத் தூக்கிக் காட்டினார். "குளவி கத்தரிக்கோல் வெச்சிருக்காதுங்களே."

நவநீதன் சொல்லிவிட்டார். துடைப்பத்திலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போதே, கேட்பவர் காதில் இது எவ்வளவு அற்பமாக விழும் என்று தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. பாக்கியநாதன் மேஜையிலிருந்த கம்பியை எடுத்து அதன் இடத்தில் மாட்டினார். அடித்திருந்தால்கூட நவநீதனுக்குத் தேவலாம் என்றிருந்தது.

"நீங்க பயப்படுற ஆளுன்னுதான் கூப்பிட்டேன்" என்றார் கடைசியில். "எதுக்கெல்லாம் பயப்படுவீங்கன்னு கேக்காம விட்டுட்டேன். தப்பு எம்பேர்லயும் இருக்கு. நீங்க போயிட்டு வாங்க. இனிமே வர வேணாம்."

பிரான்சி வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அவர் திரும்பியபோதுதான் தெரிந்தது.

"வரட்டும்ப்பா. அந்த ஏழாவது வரிய எழுதினதும் அவர்தானே" என்றாள். பிறகு நவநீதனைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. "அங்கிள், ரெண்டு பேர் பறக்க அனுமதி கிடைக்க ஆறேழு மாசம் ஆகும். கிடைச்ச அன்னைக்கு என் பக்கத்து சீட்டுல நீங்கதான் உக்காரணும். உக்காருவீங்களா?"

நவநீதன் தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று உறைத்தது.

குளவிக்கூடு கலைந்துவிட்டது என்ற பயமும் வீடுவரை கூடவே வந்தது. அன்று சாயந்திரம் யமுனாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவளிடமும் சொல்லிவிட்டார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"எம்புள்ளைக்காக இன்னொருத்தர் பெத்த புள்ளையாப்பா?" என்றாள். "இப்படி ஒரு புள்ள எனக்கு வேணும்னு நான் கேட்டேனா? போய் உக்காருங்க. அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி உக்காருங்க."

அடுத்த மூன்று மாதமும் நவநீதன் எப்படித் தூங்கினார் என்று கேட்கக் கூடாது. தூங்கவில்லை. ஒவ்வொரு வலிக்கும், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அந்த நொறுங்கிய மண் அவர் கையில் உறுத்தியது. ஐப்பசி மழையில் ஒரு விடிகாலை யமுனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகத்தான் பிறந்தது. குளவிக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லை என்று இப்போதாவது ஒத்துக்கொள்கிறீர்களா என்று டாக்டரா வந்து கேட்கப்போகிறார்? வெள்ளையம்மாள் மட்டும் கேட்காமலே, "கலைஞ்சது வேற வீட்டுக் கூடுதானே" என்று தன் வழியில் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தை மாதம் அனுமதி வந்தது. சொன்னபடி நவநீதன் போனார். நாற்பத்திரண்டு வரியையும் பிரான்சி சத்தமாகப் படித்தாள், அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டைப் பாக்கியநாதன்தான் இழுத்து மாட்டினார். தலைக்கு நேர் மேலே முப்பத்தெட்டு லிட்டர். அது இறங்கும் ஒவ்வொரு அங்குலமும் அவர் போட்ட வழி. அவர் இறந்துபோகலாம், அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் இருபத்தெட்டு வயதுப் பெண் எஞ்சின் சாவியில் கையை வைத்திருந்தாள். இந்தப் பெண் அன்றைக்கு ஒற்றையாக இப்படித்தானே உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தார்.

"ஒரு நிமிஷம்மா" என்றார். பெல்ட்டை அவிழ்த்துக் கீழே இறங்கினார். இறக்கைக்கு அடியில் போய் மறுபடியும் குனிந்தார். ஏழாவது வரியைச் செய்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

பிரான்சி சிரிக்கவில்லை. அவளும் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். ஏணியில் ஏறி டேங்க் மூடியைத் திறந்து, குனிந்து காதை வைத்தாள். நவநீதன் குழாயில் வாயை வைத்து, உடம்பில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து ஊதினார்.

"கேக்குது அங்கிள்" என்றாள்.